கடைசி பெஞ்சும் மருத்துவச் சான்றிதழும்

(கிராமங்களில் மாலைநேரப் படிப்பகம் நடத்தும் இளைஞர்களுக்கான ஒருநாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக் குழந்தைகளிடம் மனநலச் சிக்கல்களும் வளர்ச்சிக் குறைபாடுகளும் உலகம் முழுக்கக் கூடிக்கொண்டே போகிறதாமே, அது உண்மையா, உண்மை என்றால் ஏன் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. அரசுப் பள்ளிகளுக்குச் சென்று மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற சிறப்பாசிரியர். காலையில் வட்டார வள மையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்து பிடித்தால் ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி, அதற்குப் பிறகு பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளின் வீடு என்று ஓடுகிற வேலை. பதினேழு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்தும், படித்துத் தெரிந்துகொண்டதில் இருந்தும் பேசுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. வகுப்பாசிரியர் 'மெல்லக் கற்போர்' பட்டியலைக் கையில் கொடுத்தார். ஏழு பெயர்கள். அதில் ஆறு பேர் காலனிப் பிள்ளைகள். அந்த ஆறு பேரில் ஒரு பெண் குழந்தை கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னாள், இல்லையென்றால் சும்மா சிரித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டேன். "பக்கத்துல உக்காந்தா நாத்தம் அடிக்குதுன்னு பசங்க சொல்றாங்க மிஸ். அந்த ஏரியாவுல இருந்து வர்றதுங்க அப்படித்தான், என்ன பண்றது" என்றார் ஆசிரியர். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. படிவத்தை எடுத்து நிரப்பினேன். 'அறிவுசார் குறைபாடு இருக்கலாம்' என்று எழுதினேன்.

மருத்துவ முகாமுக்கு அழைத்து வரப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அவளுடைய அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் படித்துக் காட்டவில்லை. "நீங்க பாத்து என்ன எழுதினாலும் சரிதாம்மா" என்றார்.

முகாமில் மனநல மருத்துவர் முன்னால் நீண்ட வரிசை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கூட்டம் குறைவு. சும்மா காத்திருப்பானேன் என்றுதான் முதலில் அங்கே கூட்டிப் போனேன். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் சீழ். செவிப்பறையில் ஓட்டை. "எத்தன வருஷமா இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். கேட்புத்திறன் சோதனை செய்தார்கள். நாம் சாதாரணமாகப் பேசுகிற பேச்சில் பாதிக்கு மேல் அவளுக்குக் கேட்டிருக்காது என்றார்கள்.

அந்த நாற்றம் காதுச் சீழின் நாற்றம். வகுப்பே அதைக் காலனியின் நாற்றம் என்று நம்பியது. நானும் காலனியில் பிறந்து வளர்ந்தவள். என் பள்ளிக் காலத்தில் அதே சொல்லைக் கேட்டு அழுதவள். அப்படி இருந்தும் அந்த ஆசிரியர் சொன்னதை ஒரு விளக்கமாக ஏற்றுக்கொண்டு பேனாவைத் திறந்திருக்கிறேன். அன்றைக்கு மனநல மருத்துவரின் வரிசை சின்னதாக இருந்திருந்தால், என் படிவம்தான் அவள் வாழ்க்கைக்கு முதல் சான்றாக இருந்திருக்கும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போகிற உலகப் புள்ளிவிவரங்கள் எல்லாம் இப்படிப்பட்ட படிவங்களைக் கூட்டித்தான் வருகின்றன. ஒரு எண்ணைக் கேட்டவுடன் அது கூடியதா குறைந்ததா என்று பார்க்கிறோம். எண்ணியது யார், யாரை எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள், எண்ணிய பிறகு அந்தக் குழந்தையை எங்கே அனுப்பினார்கள் என்பதைக் கேட்பதில்லை. சாதி ஒழிப்பு அரசியல் பேசுகிற நாம் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, எண்களுக்கு வருவோம்.

2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின்படி, 5 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் சுமார் 29 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோ வளர்ச்சிச் சிக்கலோ இருக்கிறது. நூற்றுக்கு 11க்கும் சற்று அதிகம். 5 முதல் 9 வயதில் நூற்றுக்கு 7 பேர் அளவில் இருப்பது, 10 முதல் 14 வயதில் 12 ஆகவும், 15 முதல் 19 வயதில் 14 ஆகவும் ஏறுகிறது. அதாவது தொடக்கப் பள்ளியில் இருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற அந்தச் சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சின்ன வயதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகை இயக்கமும் அதிகம் தெரிகின்றன. வளர வளரப் பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகள் உலகில் 1990இல் ஏறத்தாழ 5.3 கோடி. 2016இலும் ஏறத்தாழ அதே 5.3 கோடிதான். இவர்களில் 95 விழுக்காட்டினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்கிறார்கள். இந்த 26 ஆண்டுகளில் குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. குறைபாடுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. பிழைக்க வைக்கிறோம், பிழைத்த பிறகு கவனிப்பதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் 'வெடித்துப் பெருகுகிறது' என்று கேள்விப்படுகிறோமே, அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அமெரிக்காவின் ஆட்டிசக் கணக்கில் இருந்து. அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையம் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து 8 வயதுக் குழந்தைகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. 2000இல் 150 குழந்தைகளில் ஒருவர். 2020இல் 36இல் ஒருவர். 2022இல் 31இல் ஒருவர். வாட்ஸ்அப்பில் இந்த எண்களைப் போட்டு, கூடவே தடுப்பூசிதான் காரணம் என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புகிறார்கள். அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். 1998இல் வேக்ஃபீல்ட் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் இருந்து கிளம்பிய பொய் அது. லான்செட் இதழ் 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பிறகு நடந்த ஆய்வுகள் எதிலும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. உங்கள் ஊரில் யாராவது இதை நம்பித் தடுப்பூசி போடாமல் இருந்தால், போய்ப் பேசுங்கள்.

எண்ணிக்கை கூடியதற்கு முக்கியமான காரணம் வரையறை விரிந்ததும், தேடுவது கூடியதும்தான். பேசவே பேசாத குழந்தைக்கு மட்டும் ஆட்டிசம் என்று சொன்ன காலம் போய், நன்றாகப் பேசுகிற, ஆனால் பழகுவதில் சிக்கல் உள்ள குழந்தையும் அதற்குள் வந்தது. 1990இல் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் ஆட்டிசம் தனிப் பிரிவானது. பெயர் இருந்தால்தான் உதவி கிடைக்கும் என்றதும் பெற்றோர் பெயரைத் தேடிப் போனார்கள். அதுவரை 'மந்த புத்தி' என்று எழுதப்பட்ட பல குழந்தைகள் சரியான பெயருக்கு மாறினார்கள். காரணம் இது மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் முன்பைவிட அதிகம் பிழைக்கிறார்கள், பெற்றோரின் வயது கூடியிருக்கிறது, இவற்றுக்கும் பங்கு உண்டு.

இதில் நமக்கு முக்கியமான செய்தி வேறொன்று. 1943இல் லியோ கானர் என்கிற மருத்துவர் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை முதலில் விவரித்தபோது, அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் படித்த, வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவரைத் தேடி வர முடிந்தவர்கள் அவர்கள்தானே! ஆனால் அதை வைத்து ஆட்டிசம் என்பதே அறிவாளிக் குடும்பங்களில் வருவது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புகளிலும் வெள்ளைக் குழந்தைகளிடமே விகிதம் அதிகமாக இருந்துவந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கில்தான் முதன்முறையாகக் கறுப்பினக் குழந்தைகளிடமும் இலத்தீன அமெரிக்கக் குழந்தைகளிடமும் விகிதம் வெள்ளையரைவிட அதிகமாக வந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் திடீரென்று என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதுவரை அவர்களை யாரும் பார்க்கவில்லை. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட கறுப்பினக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருந்தது. வெள்ளையரில் அது மூன்றில் ஒரு பங்குதான். குறைபாடு கடுமையாக இருந்தால் கறுப்பினக் குழந்தை கண்ணில் படுகிறது, இலேசாக இருந்தால் இன்னும் விடுபடுகிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

விடுபட்ட குழந்தை என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு பையனைச் சொல்கிறேன். அப்பா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். பையனுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற எல்லாப் பேருந்தின் தடம் எண்ணும் நேரமும் மனப்பாடம். பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான். சின்ன வயதில் இருந்தே அவனுக்குக் கிடைத்த பெயர்கள் 'அடங்காதவன்', 'வளர்ப்பு சரியில்லை', 'இவனெல்லாம் எங்க படிக்கப் போறான்'. அடி, முட்டி போடுவது, அப்பாவை வரச் சொல்லி எல்லோர் முன்னாலும் திட்டுவது. ஆட்டிசம் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது அவனுக்கு 12 வயது. அதே ஊரில் ஒரு வங்கி அதிகாரியின் மகனுக்கு மூன்று வயதிலேயே கண்டறிந்து சென்னைக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறான், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தூய்மைப் பணியாளரின் மகன் இழந்த ஒன்பது ஆண்டுகளை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. அவன் பள்ளியை விட்டு நின்றிருந்தால் 'இடைநிற்றல்' கணக்கில்தான் சேர்ந்திருப்பான்.

இது ஒரு வகை அநியாயம்: பெயர் கிடைக்க வேண்டிய குழந்தைக்குப் பெயர் கிடைப்பதில்லை. அந்தப் பெண் குழந்தைக்கு நடக்க இருந்தது இன்னொரு வகை: தவறான பெயரைக் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது. இந்த இரண்டாவது வகைக்கு நீண்ட வரலாறு உண்டு.

1905இல் பாரீஸில் அல்பிரெட் பினே என்பவர் தன் சகாவோடு சேர்ந்து அறிவுத்திறன் சோதனை ஒன்றை உருவாக்கினார். படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம். அறிவு என்பது மாறவே மாறாத அளவு என்கிற கருத்தை அவரே கடுமையாக மறுத்தார். அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போனதும் 'தாழ்ந்தவர்களை' வடிகட்டும் கருவி ஆனது. 'மூளை வளர்ச்சி குறைந்தவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிறப்பிலேயே அறிவு தீர்மானமாகிவிடுகிறது என்கிற இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. சாதியை உயிரியல் பெயரால் நியாயப்படுத்த முயன்றவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் பதில் சொல்லிவிட்டார். அந்த அண்ணலைத்தான் பள்ளியில் தனியாகக் கோணிப்பையில் உட்கார வைத்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1960களில் கரீபியத் தீவுகளில் இருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய கறுப்பினத் தொழிலாளர்களின் பிள்ளைகளை, 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள்' என்று எழுதித் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். கரீபிய ஆங்கிலத்தில் பேசியதும், புது நாட்டில் மிரண்டுபோய்ப் பேசாமல் இருந்ததும் அறிவுக் குறைவாகக் கணக்கிடப்பட்டன. அந்தப் பள்ளிகளில் வேலை பார்த்த பெர்னார்ட் கோர்ட் என்கிற கறுப்பின ஆசிரியர், கறுப்பினப் பிள்ளையைப் பள்ளிக்கூடமே எப்படி 'இயல்புக்குக் கீழானவன்' ஆக்குகிறது என்று 1971இல் ஒரு சிறு நூல் எழுதினார். பெற்றோர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போராடினார்கள். சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி நடத்தினார்கள். நீங்கள் நடத்துகிற படிப்பகத்துக்கு அவர்கள் முன்னோடிகள். கலிஃபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்களை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்க அறிவுத்திறன் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிமன்றம் சொன்னது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். செக் குடியரசில் ஆஸ்ட்ராவா என்று ஒரு தொழில் நகரம். அங்கே ரோமா மக்கள் வாழ்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் இருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள், ஐரோப்பா முழுக்க ஒதுக்கப்படுபவர்கள். 1990களின் இறுதியில் அந்நகரத்துத் தொடக்கப் பள்ளி மாணவர்களில் ரோமா பிள்ளைகள் நூற்றுக்கு 2 பேரைவிடச் சற்று அதிகம். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தனிப் பள்ளிகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ரோமா அல்லாத பிள்ளைகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் அந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். ரோமா பிள்ளைகளில் பாதிப் பேர் போனார்கள். 18 பிள்ளைகள் சார்பில் வழக்குத் தொடுத்தார்கள். 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது.

அந்த வழக்கில் அரசு சொன்ன வாதங்களில் ஒன்று, பெற்றோரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தாங்களே ஒதுக்கப்பட்டு, அதிகம் படிக்க வாய்ப்பில்லாமல் போன பெற்றோரால் எல்லாவற்றையும் எடைபோட்டுச் சம்மதம் கொடுத்திருக்க முடியுமா என்று ஐயப்பட்டது. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொன்னது. இதைப் படித்தபோது எனக்குச் செங்கல் சூளைக்காரரின் கையெழுத்துதான் கண்முன் வந்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்த நாடு தனிப் பள்ளிகளின் பெயரைச் சட்டத்தில் மாற்றியிருந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ரோமா பிள்ளைகள் அதே கட்டடங்களில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அளவுகோலே எப்படித் தவறலாம் என்பதற்குச் சாதியும் நிறமும் இல்லாத ஓர் எடுத்துக்காட்டையும் சொல்கிறேன். அமெரிக்காவில் பல மாநிலங்களில் செப்டம்பர் 1 அன்று ஐந்து வயது நிரம்பியிருந்தால்தான் பள்ளியில் சேர முடியும். ஆகஸ்டில் பிறந்த குழந்தை வகுப்பிலேயே சின்னது. செப்டம்பரில் பிறந்தது ஏறக்குறைய ஒரு வயது பெரியது. 2018இல் வெளியான ஆய்வில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படுவது 34 விழுக்காடு அதிகமாக இருந்தது. வயதுக்குரிய துறுதுறுப்பையே நோய் என்று எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் வயதில் சின்னதாக இருப்பதற்கே இப்படி என்றால், வகுப்பில் சாதியில் 'சின்னதாக' வைக்கப்பட்ட குழந்தையை எப்படி அளப்பார்கள் என்று யோசியுங்கள்.

அதற்கும் சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்கிற இரு ஆய்வாளர்கள் 6, 7ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். உலக வங்கி 2004இல் அதை வெளியிட்டது. காகிதத்தில் சிக்கலான வழிகள் வரைந்து, வெளியே வரும் வழியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது ஆதிக்க சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கண்டுபிடித்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் பெயர், ஊர், சாதியை அறிவித்துவிட்டு அதே சோதனையை வைத்தபோது தலித் பையன்களின் மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. மூளை அதேதான். காகிதமும் அதேதான். சாதியை வாய்விட்டுச் சொன்னது மட்டும்தான் மாறியது. நம் பள்ளிகளில் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் எழுந்து நிற்க வைத்துச் சரிபார்க்கிறார்களே, அப்போது என்ன நடக்கிறது என்று இனி உங்களுக்குப் புரியும்.

சரி, அப்படியானால் குறைபாடு என்பதெல்லாம் பொய்யா? இல்லை தோழர்களே. இதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். 'எல்லாம் மேல்நாட்டு மருந்து நிறுவனங்களின் சதி' என்று பேசுவது முற்போக்கு இல்லை. வலிப்பும் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உண்மையானவை. அவற்றோடு வாழ்கிற பிள்ளைகளோடுதான் என் நாள் போகிறது. இன்னும் சொல்லப்போனால், தடுத்திருக்கக் கூடிய குறைபாடுகள் ஒடுக்கப்பட்டவர்களிடமே அதிகம் சேர்கின்றன.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதோ ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம் என்றது. அதில் அதிகமாகக் காணப்பட்டவை இரண்டு: கேட்புத்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு. பிறந்தவுடன் அழாமல் மூச்சுத் திணறியது, எடை குறைவாகப் பிறந்தது, மூளைத் தொற்று போன்றவை முக்கியமான காரணங்கள். இவை எல்லாம் நல்ல பிரசவ வசதியும் சத்துணவும் இருந்தால் பெருமளவு தடுக்கக் கூடியவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் மொத்தம் 35.5 விழுக்காடு. பட்டியல் சாதியில் 39, பழங்குடியில் 41. இது உயரத்தின் கணக்கு மட்டும் இல்லை. வளரும் மூளைக்கு வேண்டிய உணவு கிடைக்காததன் கணக்கும்கூட. ஈயம் இன்னொன்று. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் இரத்தத்தில் ஆபத்தான அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் சொன்னது. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குவது அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த வேலையைச் செய்கிற கைகள் யாருடையவை, அந்தப் பட்டறைக்குப் பக்கத்தில் யாருடைய வீடு இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வளர்ந்த பிள்ளைகளின் மனநலமும் இப்படித்தான். 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. உடனே 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மன உறுதி இல்லை, செல்போன் கெடுத்துவிட்டது' என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்கப் போன அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லும் அளவுக்கு நிலைமை இருப்பதை அந்தக் குழுவின் அறிக்கை காட்டியது. கயிற்றைப் பார்த்து நடுங்குகிற பிள்ளைக்குத் தூக்கம் வராவிட்டால் மருத்துவர் பதற்றநோய் என்று எழுதுவார். எழுதட்டும், அவனுக்குச் சிகிச்சையும் ஆறுதலும் தேவை, வெட்கப்படாமல் போக வேண்டும். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருக்கிற காரணத்தை மாத்திரையால் எடுக்க முடியாது.

இனி நாம் என்ன செய்வது? உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன்.

படிப்பகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர்கள் யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் 'மக்கு', 'லூசு', 'மெண்டல்' என்று சொல்வதை நீங்கள் முதலில் நிறுத்துங்கள், பிறகு பிள்ளைகளை நிறுத்தச் சொல்லுங்கள். படிக்கத் திணறுகிற பிள்ளை என்றால் முதலில் காது, பிறகு கண், பிறகு காலையில் சாப்பிட்டதா, இரவில் தூங்கியதா. இவற்றைப் பார்க்காமல் புத்தியைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. மாவட்டத்தில் ஆரம்ப நிலையிலேயே கண்டறிந்து பயிற்சி தருகிற டி.இ.ஐ.சி. மையம் உண்டு. பெற்றோரோடு நீங்களும் போங்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று தயங்குகிற அம்மாவுக்கு நீங்கள் துணைக்குப் போவதே பெரிய உதவி.

யாராவது கையெழுத்துக் கேட்டால், முழுவதையும் படித்துக் காட்டிய பிறகுதான் போட வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பெயரை எழுதினால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும், எந்த வகுப்பில் உட்காருவாள், எப்போது மறுபடி சோதிப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் இருந்தால் சான்றிதழைத் தயங்காமல் வாங்குங்கள். அது உரிமைக்கான தாள். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், உதவித்தொகை எல்லாம் அதை வைத்துத்தான் வரும். பதில் இல்லையென்றால் அது பிள்ளையை வெளியே அனுப்புகிற தாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பள்ளிக் குழந்தைகளிடையே ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, யாருக்கு என்ன தேவை, அது எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கை உங்கள் மாவட்டத்தில் கேளுங்கள். அதைச் சாதிவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் எத்தனை பேர் எந்தத் தெருப் பிள்ளைகள், ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேர் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆஸ்ட்ராவாவில் வழக்கை வென்று கொடுத்ததே அப்படிப்பட்ட ஒரு கணக்குதான்.

கடைசியாக, அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். காதுச் சீழுக்கு மருந்து கொடுத்தார்கள், பிறகு ஒரு காதில் அறுவை சிகிச்சை நடந்தது. காதொலிக் கருவி வாங்கிக் கொடுத்தோம். முதல் பெஞ்சுக்கு மாற்றச் சொல்லி நான் போய் நின்றேன். பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் முதலில் மறுத்தார்கள். அதற்கு எங்களிடம் மருந்து இல்லை, பேசிப் பேசித்தான் ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தது. மூன்று ஆண்டுகள் கேட்காமலே போன பாடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கு இன்னும் வராது, தமிழில் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய படிவத்தைப் பற்றி அவளிடமும் அவள் அப்பாவிடமும் சொன்னேன். நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து அன்றைக்குத்தான் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்: "மிச்சம் ஆறு பேரு பேரு அந்த லிஸ்ட்டுல இருந்துச்சே மிஸ், அவங்களுக்கும் காது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றுதான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட இன்றைக்கு எனக்குத் தெரியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கும். திங்கட்கிழமை போய் அதைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.